மாரடைப்புக்குப் பிறகு இதயத் தசை: செத்தது எது, தேறுவது எது?

குமரன்_திருச்சி

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயது 61. போன மாதம் மாரடைப்பு வந்தது. இடது முன் தமனியில் முழு அடைப்பு என்று ஆஞ்சியோவில் தெரிந்து ஸ்டென்ட் வைத்தார்கள். வலி ஆரம்பித்து ஆஸ்பத்திரி போய்ச் சேர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது வீட்டில்தான் இருக்கிறார், மெதுவாக நடக்கிறார். எக்கோவில் பம்பிங் (ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறை வெளியே தள்ளும் இரத்தத்தின் பங்கு) 38 சதவீதம் என்று போட்டிருக்கிறது.

டாக்டர் சொன்னது இவ்வளவுதான்: "கொஞ்சம் தசை போய்விட்டது. பக்கத்தில் இருப்பது தேறலாம். சில வாரம் கழித்து எக்கோ எடுத்துப் பார்ப்போம்." வெளியே நல்ல கூட்டம், அதற்கு மேல் கேட்க முடியவில்லை.

எனக்குப் புரியாதது இதுதான். தசை ஒன்று சாக வேண்டும், இல்லை பிழைக்க வேண்டும். நடுவில் தேறுவது என்றால் என்ன? ஈரலை வெட்டினால்கூட வளர்ந்துவிடும் என்கிறார்கள், இதயம் ஏன் வளரக் கூடாது? இன்னொன்று, அப்பாவுக்கு ரொம்ப வருடமாகப் பிரஷர் உண்டு. "இதயச் சுவர் தடித்திருக்கிறது" என்றும் ரிப்போர்ட்டில் இருக்கிறது. தடித்த தசை பலமானதுதானே?

செந்தாமரை

தம்பி, அப்பா எழுந்து நடக்கிறார் என்பதைக் கேட்கவே சந்தோஷம். நான் மருத்துவக் கல்லூரியில் நோயியல் பாடம் எடுப்பவள், இதய மருத்துவர் இல்லை. சிகிச்சை பற்றி அவருடைய டாக்டர் சொல்வதுதான் முடிவு. செல்லுக்குள் என்ன நடந்திருக்கும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

இரத்தம் நின்றவுடன் செல் செத்துவிடுவதில்லை. முதலில் நிற்பது அதன் வேலை. அடைப்பு விழுந்து ஒரு நிமிடத்துக்குள்ளேயே அந்தப் பகுதித் தசை சுருங்குவதை விட்டுவிடும். ஆனால் உயிர் இருக்கும். செல்லின் மின்நிலையம் மாதிரியான மைட்டோகாண்ட்ரியா, ஆக்சிஜன் இல்லாமல் ஏடிபி என்ற எரிபொருளைத் தயாரிக்க முடியாது. கையிருப்பில் இருக்கும் ஏடிபி சுமார் பத்து நிமிடத்தில் பாதியாகும், நாற்பது நிமிடத்தில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

செல்லின் சவ்வில் சோடியத்தை ஓயாமல் வெளியே தள்ளும் பம்புகள் இருக்கின்றன. ஓட்டைப் படகில் ஒருவர் உட்கார்ந்து தண்ணீரை இறைத்துக்கொண்டே இருப்பது மாதிரி. அந்த ஆளுக்குச் சாப்பாடு ஏடிபி. அது தீர்ந்தால் சோடியம் உள்ளே வரும், அதோடு தண்ணீரும் வரும், செல் வீங்கும். ஆக்சிஜன் இல்லாமல் சர்க்கரையை உடைப்பதால் லாக்டிக் அமிலம் சேர்ந்து உள்ளே புளிப்பு ஏறும். புரதம் செய்யும் ரைபோசோம்கள் தங்கள் இடத்திலிருந்து கழன்றுவிடும். பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் இதெல்லாம் சரியாகக் கூடியது. ஏறக்குறைய 20 முதல் 30 நிமிடத்துக்குள் இரத்தம் திரும்பிவிட்டால் அந்தச் செல் பிழைத்துக்கொள்ளும்.

அதற்குப் பிறகு இரண்டு விஷயங்கள் நடக்கும். மைட்டோகாண்ட்ரியா இனி ஆக்சிஜன் கிடைத்தாலும் வேலை செய்யாத நிலைக்குப் போய்விடும். சவ்வு கிழியும். கிழிந்த இடம் வழியாக வெளியே இருக்கும் கால்சியம் உள்ளே கொட்டும், உள்ளே இருக்கும் புரதங்கள் இரத்தத்தில் கசியும். அவசரப் பிரிவில் ட்ரோபோனின் பார்த்திருப்பார்களே, அது இப்படிக் கசிந்து வருவதுதான்.

இப்போது உங்கள் "நடுவில்" என்ற கேள்விக்கு வருகிறேன். அடைபட்ட பகுதி முழுக்க ஒரே நேரத்தில் சாவதில்லை. சாவு இதயச் சுவரின் உட்புறத்தில் தொடங்கி வெளிப்புறம் நோக்கி நகரும். 1977-இல் ரைமர், ஜென்னிங்ஸ் குழுவினர் நாய்களில் இதை அளந்து காட்டினார்கள். தமனியை 40 நிமிடம் அடைத்துத் திறந்தால் ஆபத்தில் இருந்த தசையில் சுமார் 38 சதவீதம் செத்திருந்தது. 3 மணி நேரத்தில் 57. திறக்காமலே 24 மணி நேரம் விட்டால் 85. நாயின் கணக்கை மனிதருக்கு அப்படியே போடக் கூடாது. பக்கக் குழாய்களிலிருந்து எவ்வளவு இரத்தம் வந்தது, அடைப்பு நடுவில் கொஞ்சம் விட்டு விட்டு இருந்ததா என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் மூன்று மணி நேரம் கழித்துத் திறந்தாலும் காப்பாற்ற ஒரு பங்கு மிச்சம் இருக்கிறது என்பதுதான் இதில் முக்கியம். அந்தப் பங்கைத்தான் ஸ்டென்ட் காப்பாற்றியது.

பிழைத்த தசையும் உடனே வேலைக்கு வராது. இரத்தம் வந்த பிறகும் நாள் கணக்கில், சில நேரம் வாரக் கணக்கில் சுருங்காமல் மரத்துக் கிடக்கும். பிரான்வால்டும் க்ளோனரும் 1982-இல் இதை விளக்கி எழுதினார்கள். எக்கோ மிஷினுக்குச் செத்த தசையும் அசையாது, மரத்த தசையும் அசையாது. அதனால்தான் முதல் வார எக்கோவை வைத்து யாரும் கணக்கை முடிப்பதில்லை. உங்கள் டாக்டர் சில வாரம் என்றது இதற்காகத்தான்.

ஃபாத்திமா_சிஸ்டர்

செந்தாமரை அக்கா சொன்னதோடு ஒரு சேர்க்கை. நான் இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். முதல் ட்ரோபோனின் நார்மல் என்று வந்தால் "ஒன்றும் இல்லையாம், கிளம்பலாம்" என்று சொந்தக்காரர்கள் அவசரப்படுவார்கள். சவ்வு கிழிந்து, கசிந்து, இரத்தத்தில் அளவு ஏற நேரம் எடுக்கும். அதனால்தான் சில மணி நேரம் விட்டு மறுபடி இரத்தம் எடுக்கிறோம். தயவுசெய்து இருங்கள்.

சுகர் ரொம்ப நாள் இருப்பவர்களுக்கு நெஞ்சு வலியே வராமல் போகலாம், நரம்பு பாதிப்பு காரணம். வியர்வை, மூச்சு வாங்குவது, வாந்தி வருகிற மாதிரி இருப்பது, இவ்வளவோடு வந்து ஈசிஜியில் பெரிய மாரடைப்பு தெரிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வாயு என்று சோடா குடித்துவிட்டுப் படுத்தவர்கள் அதிகம். தமிழ்நாட்டில் 2023 முதல் இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டார்வாஸ்டாட்டின் முதல் டோஸ் கொடுத்து மேலே அனுப்புகிறார்கள். கிராமத்தில் இருப்பவர்கள் நேரே டவுனுக்குத்தான் போக வேண்டும் என்று வண்டிக்குக் காத்திருக்க வேண்டாம்.

பார்த்திபன்_ஜிம்

தடித்த சுவர் விஷயம் எனக்கும் தெரிய வேண்டும். நாங்கள் எடை தூக்கித் தசையைப் பெரிதாக்குகிறோம், ஓட்டக்காரர்களுக்கும் இதயம் பெரிதாகும் என்கிறார்கள். அது நல்லது, பிரஷரில் தடித்தது கெட்டது என்றால் செல்லுக்கு வித்தியாசம் எப்படித் தெரியும்?

செந்தாமரை

நல்ல கேள்வி. வளர்ந்தவரின் இதயத் தசைச் செல் பிரிந்து எண்ணிக்கையில் பெருகுவது மிக அபூர்வம். சுமை கூடினால் ஒவ்வொரு செல்லும் தானே பெருக்கும். பிரஷர் இருப்பவருக்கு ஒவ்வொரு துடிப்பிலும் அதிக அழுத்தத்தை எதிர்த்துத் தள்ள வேண்டும், அதனால் சுருங்கும் இழைகளைச் செல் பக்கவாட்டில் அடுக்கிக்கொண்டே போகும். சுவர் தடிக்கும். ஒரு ஆணின் இதயம் சாதாரணமாக 300 கிராம் சுமார். பல வருடப் பிரஷரில் 500 கிராமைத் தாண்டிய இதயங்களைப் பிரேதப் பரிசோதனையில் கையில் எடுத்திருக்கிறேன். வெட்டினால் இடது கீழறைச் சுவர் விரற்கடையைத் தாண்டித் தடித்து, உள்ளே இருக்கும் குழி சிறுத்திருக்கும்.

ஆரம்பத்தில் இது உதவிதான். சுவர் தடித்ததால்தான் அவர் இத்தனை வருடம் தாக்குப்பிடித்தார். ஆனால் செல் பெருத்த அளவுக்கு நுண் இரத்தக்குழாய்கள் பெருகவில்லை. செல்லின் நடுப்பகுதிக்கு ஆக்சிஜன் போகும் தூரம் கூடிவிட்டது. செல்களுக்கு நடுவே நார் படிகிறது. கருவில் இருந்தபோது ஓடிய சில ஜீன்கள் மறுபடி விழித்து, தசையைச் சுருக்கும் புரதமான மயோசினில் வேறு வகையைச் செய்கின்றன. இப்படிப்பட்ட தசைக்கு மாரடைப்பு வந்தால் தாங்கும் சக்தி குறைவு. குமரன், அப்பாவின் தடித்த சுவர் பலம் இல்லை என்பது இதனால்தான்.

ஓட்டக்காரருக்குச் சுமை நாளில் சில மணி நேரம்தான், மிச்ச நேரம் ஓய்வு. நுண் குழாய்களும் கூடவே வளர்கின்றன, நார் படிவதில்லை, பயிற்சியை விட்டால் இதயம் பழைய அளவுக்கு இறங்கும். கர்ப்பிணிகளின் இதயமும் பெருத்துப் பிரசவத்துக்குப் பிறகு இறங்கிவிடும். பிரஷர் தூக்கத்திலும் விடாது. செல் அளப்பது சுமையின் அளவை மட்டும் இல்லை, ஓய்வு கிடைத்ததா என்பதையும்தான். பிரஷரை மாத்திரையால் இறக்கி வைத்தால் தடித்த சுவரும் ஓரளவு மெலியும். இது பலருக்குத் தெரிவதில்லை.

எல்லாத் திசுக்களும் இப்படி ஏதோ ஒரு சமரசம் செய்துகொள்கின்றன. மாவுக்கட்டுப் போட்ட கால் மெலியும். புகை பிடிப்பவரின் மூச்சுக்குழாயில் சளியைத் தள்ளும் மயிரிழைச் செல்கள் போய்த் தோல் மாதிரித் தட்டைச் செல்கள் வரும். புகையைத் தாங்கும், ஆனால் சளியைத் தள்ளாது. சிகரெட்டை விட்டால் இது திரும்பும். விடாமல் போனால் புற்றுநோய் கிளம்புவதும் அங்கேதான்.

அருள்மொழி

நம் உடம்பில் எல்லாச் செல்லும் ஏழு வருடத்துக்கு ஒருமுறை புதிதாகிவிடும் என்று படித்திருக்கிறேனே. அப்படியானால் குமரனின் அப்பாவுக்கும் ஏழு வருடத்தில் புது இதயம் வந்துவிட வேண்டுமே?

இளவேனில்

அருள்மொழி அண்ணா, அது எல்லாச் செல்லுக்கும் பொருந்தாது. குடலின் உட்பூச்சுச் செல் ஒரு வாரத்துக்குள் மாறிவிடும். சிவப்பணு சுமார் 120 நாள். இதயத்தின் கதை வேறு. அதை அளந்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1950-களின் நடுவிலிருந்து 1963 வரை வல்லரசுகள் திறந்த வெளியில் அணுகுண்டுச் சோதனை நடத்தின. காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் ஏறக்குறைய இரட்டிப்பானது. திறந்த வெளிச் சோதனையைத் தடுத்த 1963 ஒப்பந்தத்துக்குப் பிறகு அது வருடா வருடம் இறங்கியது. செடி அதை எடுக்கும், செடியை நாம் தின்போம், செல் பிரியும்போது புதிதாகச் செய்யும் டிஎன்ஏவில் அந்த வருடத்து அளவு பதிந்துவிடும். அதற்குப் பிறகு செல் பிரியாவிட்டால் அந்தப் பதிவு அப்படியே இருக்கும். ஆக, ஒருவரின் இதயச் செல் டிஎன்ஏவில் எவ்வளவு கார்பன்-14 என்று பார்த்தால் அந்தச் செல் பிறந்த வருடம் தெரியும்.

ஸ்டாக்ஹோமில் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் யோனாஸ் ஃப்ரிசன் குழுவினர் இதைச் செய்து 2009-இல் வெளியிட்டார்கள். 25 வயதில் இதயத் தசைச் செல்களில் வருடத்துக்குச் சுமார் 1 சதவீதம் புதிதாகிறது. 75 வயதில் அது 0.45 சதவீதம். ஒரு முழு ஆயுளில் பாதிச் செல்கள்கூட மாறுவதில்லை. மாரடைப்பில் ஒரேயடியாகப் போவது கோடிக்கணக்கான செல்கள். இந்த வேகத்தில் அதை ஈடுகட்ட வழியில்லை.

ஈரல் செல் அப்படியில்லை. அது சும்மா இருந்தாலும் பிரியும் திறமையை விடவில்லை. எலியின் ஈரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுத்தாலும் சில வாரத்தில் பழைய எடைக்கு வந்துவிடும் என்பது 1931-லேயே தெரிந்த விஷயம். இதயத்திலும் இந்தத் திறமை சில உயிர்களுக்கு இருக்கிறது. வரிக்குதிரை மீனின் கீழறையில் ஐந்தில் ஒரு பங்கை வெட்டினாலும் இரண்டு மாதத்தில் வளர்ந்துவிடும். பிறந்து ஒரு நாளான எலிக்குட்டியின் இதயமும் வளரும். ஏழாம் நாள் ஆகிவிட்டால் வளராது, தழும்புதான். அந்த ஒரு வாரத்தில் என்ன பூட்டப்படுகிறது என்பதைத்தான் பல ஆய்வகங்கள் துருவிக்கொண்டிருக்கின்றன. எனக்கும் அதில்தான் ஆராய்ச்சி செய்ய ஆசை.

குமரன்_திருச்சி

இவ்வளவு பேர் நேரம் எடுத்து எழுதியதற்கு நன்றி. ஒரு வீடியோவில் "அடைபட்ட குழாயைத் திறந்து இரத்தத்தைத் திடீரென்று விடுவதுதான் செல்லைக் கொல்கிறது, ஸ்டென்ட் வேண்டாம்" என்று ஒருவர் பேசினார். சித்தப்பா அதை அனுப்பிவைத்து வீட்டில் எல்லோரையும் கலக்கிவிட்டார். உண்மையா?

செந்தாமரை

பாதி உண்மையை வைத்துக்கொண்டு ஆளைக் கொல்லும் பேச்சு இது. எனக்குக் கோபமே வருகிறது.

உண்மை என்னவென்றால், பட்டினி கிடந்த செல்லுக்கு ஆக்சிஜன் திரும்பும்போது பழுதான மைட்டோகாண்ட்ரியா அதைச் சரியாகக் கையாள முடியாமல் தீவிர ஆக்சிஜன் மூலக்கூறுகளை வெளியிடும். கால்சியம் வெள்ளமாக உள்ளே வரும். தசை இழைகள் அளவுக்கு மீறிச் சுருங்கிக் கிழியும். ஸ்லைடில் பார்த்தால் செல்லின் குறுக்கே கருஞ்சிவப்புப் பட்டைகள் தெரியும், இரத்தம் திரும்பிய இடத்துக்கான அடையாளம் அது. எல்லைக்கோட்டில் நின்ற சில செல்கள் இப்படிச் சாவது நிஜம்தான்.

ஆனால் திறக்காவிட்டால் அந்தச் செல்களும் சாகும், அவற்றோடு பிழைத்திருக்கக் கூடிய மிச்சமும் சாகும். 40 நிமிடத்துக்கும் 24 மணிக்கும் உள்ள வித்தியாசத்தை மேலே பார்த்தோமே. திறக்காமல் இருப்பதற்கு எந்தச் செல் நியாயமும் கிடையாது.

இந்தச் சேதத்தைக் குறைக்க மருத்துவ உலகம் படாத பாடு படுகிறது. 1986-இல் மர்ரி, ஜென்னிங்ஸ், ரைமர் மூவரும் வினோதமான ஒன்றைக் கண்டார்கள். நாயின் தமனியை ஐந்து ஐந்து நிமிடமாக நான்கு முறை அடைத்துத் திறந்துவிட்டு, அப்புறம் 40 நிமிடம் அடைத்தால், நேரடியாக 40 நிமிடம் அடைத்ததில் செத்ததில் நான்கில் ஒரு பங்குதான் செத்தது. சின்ன அடி வாங்கிய செல் பெரிய அடிக்குத் தயாராகிவிடுகிறது. இதை நோயாளிகளுக்குக் கொண்டுவரப் பலர் முயன்றார்கள். மைட்டோகாண்ட்ரியாவைக் காக்கும் என்று சைக்ளோஸ்போரின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு 2015-இல் பலனில்லை என்று முடிந்தது. ஸ்டென்ட் வைக்கும் முன் கையில் பிரஷர் பட்டையை இறுக்கித் தளர்த்திப் பார்த்த ஆய்வும் 2019-இல் அதே முடிவுக்கு வந்தது, 5000 பேருக்கு மேல். ஆய்வகத்தில் அழகாக நடந்தது ஆஸ்பத்திரியில் நடக்கவில்லை. இன்றைக்கும் கையில் இருக்கும் ஒரே நல்ல ஆயுதம் சீக்கிரம் திறப்பதுதான். சித்தப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்.

சுந்தரம்_ஓய்வு

நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், வயது 70. மாரடைப்பு எதுவும் இல்லை. ஆனால் வயதாவது என்பதும் செல் சாவதுதானா? டெலோமியர் நீளும், இளமை திரும்பும் என்று குழுவில் ஒரு கேப்சூல் விளம்பரம் வருகிறது. விலை கேட்டால் தலை சுற்றுகிறது.

இளவேனில்

ஐயா, வாங்காதீர்கள்.

1961-இல் ஃபிலடெல்ஃபியாவின் விஸ்டார் நிறுவனத்தில் ஹேஃப்ளிக்கும் மூர்ஹெட்டும் மனிதக் கருவின் நுரையீரல் செல்களை வளர்த்தபோது, அவை சுமார் 50 முறை இரட்டித்துவிட்டு நின்றுபோயின. அதுவரை செல்லைக் குடுவையில் போட்டால் என்றென்றும் வாழும் என்றுதான் நம்பியிருந்தார்கள். வளர்ப்புத் திரவத்தில்தான் கோளாறு என்று யாரும் சொல்லக் கூடாது என்பதற்காக, நிறைய முறை பிரிந்த ஆண் செல்லையும் கொஞ்சமே பிரிந்த பெண் செல்லையும் ஒரே குடுவையில் சேர்த்து வளர்த்தார்கள். ஆண் செல்கள் தங்கள் கணக்கு முடிந்து மறைந்தன, பெண் செல்கள் தொடர்ந்தன. எண்ணிக்கை செல்லுக்குள்ளேயே இருக்கிறது என்று அதில் தெளிவானது. அந்தக் கணக்கில் பெரும் பங்கு குரோமோசோமின் நுனியில் இருக்கும் டெலோமியருக்கு. ஒவ்வொரு பிரிவிலும் அது கொஞ்சம் குறையும். அது பற்றிய வேலைக்குத்தான் பிளாக்பர்ன், கிரைடர், ஷோஸ்டாக் மூவருக்கும் 2009 நோபல்.

டெலோமியரை நீட்டும் நொதியைப் புற்றுநோய்ச் செல்களில் பெரும்பாலானவை பயன்படுத்திக்கொள்கின்றன. அதை உடம்பு முழுக்க முடுக்கிவிடுவது நல்லதா என்று யோசித்துப் பாருங்கள், ஐயா.

செந்தாமரை

இதய விஷயத்தில் அந்தக் கேப்சூல் இன்னும் அர்த்தமில்லாதது. பிரியாத செல்லுக்குப் பிரிவு எண்ணிக்கை தீர்ந்துபோகும் பிரச்சினையே பெரிதாக இல்லை. அது முதுமையடைவது தேய்மானத்தால். முதியவரின் இதயத்தை ஸ்லைடில் பார்த்தால் ஒவ்வொரு செல்லிலும் உட்கருவின் இரு முனைகளிலும் மஞ்சள் கலந்த பழுப்புத் துகள்கள் குவிந்திருக்கும். பெயர் லிப்போஃபுஸின். செல் தன் பழைய பாகங்களை எடுத்து லைசோசோம் என்ற செரிமானப் பையில் போட்டுச் செரிக்கும், அதைத்தான் ஆட்டோஃபேஜி என்கிறோம். ஓசுமி 2016-இல் நோபல் வாங்கியது அதன் ஜீன்களை ஈஸ்டில் கண்டுபிடித்ததற்கு. செரிக்காமல் மிஞ்சியது இந்தத் துகள். துகளே விஷம் இல்லை, ஆனால் எத்தனை வருடம் அந்தச் செல் உழைத்தது என்பதற்கு அதுவே சாட்சி. எழுபது வருடம் ஒரு நிமிடம் நிற்காமல் வேலை செய்த செல் அது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை வரும்.

(ஆட்டோஃபேஜிக்காகப் பட்டினி இருக்கலாமா என்று அடுத்த கேள்வி வரும். இன்சுலினோ சுகர் மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் நீண்ட பட்டினி இருக்க வேண்டாம்.)

அருள்மொழி

செல் தானாகவே தற்கொலை செய்துகொள்ளும் என்றும் சொல்கிறார்களே. மாரடைப்பில் நடப்பது அதுவா?

இளவேனில்

பெரும்பாலும் அது இல்லை அண்ணா. ஒழுங்கான சாவை 1972-இல் கெர், வில்லி, கர்ரி மூவரும் விவரித்து அப்போப்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். செல் சுருங்கும், டிஎன்ஏ துண்டாகும், சவ்வு கிழியாமலே சிறு சிறு பொட்டலங்களாகப் பிரியும், பக்கத்துச் செல் அதை விழுங்கிவிடும். வீக்கமோ காய்ச்சலோ வராது. கருவில் நம் விரல்களுக்கு நடுவே இருந்த சவ்வு போனது இப்படித்தான். மண்ணில் வாழும் ஒரு சின்னஞ்சிறு உருளைப்புழு இனத்தில் உடம்புச் செல் 1090 பிறக்கிறது, அதில் சரியாக 131 இப்படிச் சாகிறது, 959 மிஞ்சுகிறது. ஒவ்வொரு புழுவிலும் அதே செல்கள், அதே நேரம். ப்ரென்னர், ஹார்விட்ஸ், சல்ஸ்டன் மூவருக்கும் 2002 நோபல் இந்தப் புழுவில் செய்த வேலைக்குத்தான்.

ஒழுங்காகச் சாகவும் ஏடிபி வேண்டும். இரத்தம் அறவே நின்ற நடுப்பகுதியில் அது இல்லை, அதனால் அங்கே செல் வீங்கி வெடித்துச் சாகிறது. ஓரத்தில் கொஞ்சம் ஏடிபி மிஞ்சிய செல்களில் சில அப்போப்டோசிஸ் வழியில் போகும்.

செந்தாமரை

மாணவர்களுக்கு நான் காட்டுவது ஒன்று உண்டு. மாரடைப்பில் இறந்தவரின் இதயத்தைத் துண்டு போட்டு டெட்ராசோலியம் என்ற சாயத்தில் முக்குவோம். உயிரோடிருந்த தசையில் நொதி இருக்கும், அது செங்கல் சிவப்பாக மாறும். செத்த இடத்தில் நொதி கசிந்து போயிருக்கும், அது வெளுத்தே நிற்கும். அடைப்பு விழுந்து சில மணி நேரமே ஆகியிருந்தாலும் இது காட்டிக்கொடுக்கும், வெறும் கண்ணுக்கு அப்போது எதுவும் தெரியாது. ஒரு நாள் கழிந்த ஸ்லைடில் செல்களின் உருவம் அப்படியே இருக்கும், வரிசையும் கலையாது, உட்கரு மட்டும் இருக்காது. அப்புறம் வெள்ளணுக்கள் வந்து அதைக் கரைக்கும். மூன்றாம் நாளிலிருந்து ஏழு, பத்தாம் நாள் வரை அந்த இடம் மிகவும் மெத்தென்று இருக்கும், சுவர் கிழியும் ஆபத்தும் அப்போதுதான். இரண்டு மாதத்தில் கெட்டியான வெள்ளைத் தழும்பு.

குமரன்_திருச்சி

அப்படியானால் கடைசிக் கேள்வி. தழும்பு தழும்புதான், செத்தது வராது. பிறகு அப்பாவுக்கு இத்தனை மாத்திரை எதற்கு? "போனது போய்விட்டது, எதற்குடா இதெல்லாம்" என்று அவரே கேட்கிறார்.

செந்தாமரை

மாத்திரை தழும்புக்கு இல்லை, மிச்சம் இருக்கும் தசைக்கு. ஒரு பகுதி வேலை செய்யாதபோது மற்ற செல்களின் மேல் சுமை ஏறுகிறது. அவை நீண்டு மெலியும், அறை பலூனாக விரியும், நார் படியும், இன்னும் சில செல்கள் சாகும். உடம்பு பம்பிங் குறைந்ததைப் பார்த்து அட்ரினலின், ஆஞ்சியோடென்சின் என்ற இரண்டு ஹார்மோன்களைக் கூட்டுவது இதை வேகப்படுத்தும். பீட்டா பிளாக்கர் மாத்திரையும் பிரில் என்று முடியும் மாத்திரையும் அந்த இரண்டையும் தடுக்கின்றன. மாரடைப்புக்குப் பிறகு பம்பிங் குறைந்தவர்களுக்கு கேப்டோப்ரில் கொடுத்துப் பார்த்த ஆய்வில், 1992-இல், இறப்பு 19 சதவீதம் குறைந்தது. இரத்தம் உறையாமல் தடுக்கும் இரண்டு மாத்திரைகள் ஸ்டென்ட்டுக்காக. அவற்றைத் தானாக நிறுத்தவே கூடாது, பல் பிடுங்கும்போதுகூட இதய டாக்டரைக் கேட்டுத்தான். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை மற்ற குழாய்களுக்காக.

ஃபாத்திமா_சிஸ்டர்

குமரன், அடுத்த எக்கோவுக்குப் போகும்போது பழைய ரிப்போர்ட், ஆஞ்சியோ சிடி, டிஸ்சார்ஜ் தாள் மூன்றையும் ஒரே பையில் எடுத்துப் போங்கள். தினமும் காலையில் அப்பாவின் எடையைக் குறித்து வையுங்கள். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினாலோ, கால் வீங்கினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ அப்பாயின்ட்மென்ட் தேதிக்குக் காத்திருக்காமல் கூட்டிப் போங்கள்.